கூவலும் கதவும்: மரக்காணம் உப்புக் கரையிலிருந்து ஓர் அங்காடி வரலாறு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது உப்புப் பாத்திகளைக் காணாமல் கடந்துவிட முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கழிநீர் பாத்திகளில் பாய்ச்சப்படுகிறது. நீர் வற்ற வற்ற உப்பு பூக்கிறது. அதை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். அந்த வெண்குவியல்களின்மீது எந்தப் பெயரும் எழுதப்பட்டிருப்பதில்லை. பொட்டலத்துள் புகும்போதுதான் உப்பு ஒரு பெயரைப் பெறுகிறது. பெயரைப் பெற்றதும் அது பேசத் தொடங்குகிறது. சுவரிலும் திரையிலும் கைப்பேசியிலும் நம்மைப் பின்தொடர்கிறது.

வணிகன் தன் சரக்கைப் பற்றிப் பேசுவது புதிதன்று. அவன் எங்கே நின்று பேசுகிறான், யாருடைய நேரத்தில் பேசுகிறான், கேட்பவனுக்கு மறுக்கும் வாய்ப்பை வைத்துப் பேசுகிறானா என்பவையே நாம் ஆராய வேண்டியவை. மதிய உறக்கத்திலும் தொழுகை நேரத்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் ஒலிக்கும் விளம்பர அழைப்புகளால் நம் மக்கள் அடையும் எரிச்சல், நாகரிக வாழ்வின் சில்லறைத் தொல்லையாகவே இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது அங்காடிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் பற்றிய பழைய வழக்கு. அவ்வழக்கின் வரலாற்றை, விளம்பரமே தேவைப்படாத பொருளாகிய உப்பின் வழியே பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

உமணர் குரல்

பழந்தமிழ் இலக்கியம் குறிக்கும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கடற்கரை ஊராக அப்பட்டினம் இடம்பெறுகிறது. எயில் என்பது மதில். செங்கடல் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ் நூலில் வரும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இதனோடு இணைத்துப் பார்ப்பர். மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் பேசப்படுகின்றன. உப்பும் இக்கரையும் கொண்ட உறவு அத்துணைப் பழமையானது.

நெய்தல் நிலத்தில் உப்பு விளைவித்தோர் அளவர் எனவும், அதை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று விற்றோர் உமணர் எனவும் வழங்கப்பட்டனர். உமணர் வண்டிகள் கூட்டமாகச் செல்லும். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேம அச்சும் உடன் கொண்டு செல்வர். ஊரை அடைந்ததும் உமணப் பெண்டிர் தெருவில் உப்பு விலை கூறுவதையும், நெல்லுக்கு உப்பை மாற்றுவதையும் சங்கப் பாடல்கள் பல காட்டுகின்றன. ஆக, கூவி விற்றல் நம் மண்ணில் ஈராயிரம் ஆண்டு வழக்கம்.

அந்தக் கூவலுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அது தெருவில் நின்றது. தேவைப்பட்டவர் வெளியே வந்து அழைத்தனர். தேவையில்லாதவர் தம் வேலையைப் பார்த்தனர். குரல் அடுத்த தெருவுக்கு நகர்ந்ததும் வீடு மீண்டும் அமைதியுற்றது. விளக்கு வைத்தபின் உப்பைக் கைமாற்றாத பழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் அண்மைக் காலம் வரை இருந்தது. அதன் காரணம் எதுவாயினும், பண்டத்துக்கும் பொழுது உண்டு என்னும் எண்ணம் அதில் அடங்கியிருந்தது.

உப்பும் ஷரீஅத்தும்

இஸ்லாமியச் சட்ட மரபில் உப்புக்குத் தனி இடமுண்டு. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு உப்பையும் சேர்த்து ஆறு பொருள்களைக் கூறி, ஒரே இனத்தை மாற்றிக்கொள்ளும்போது அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டுமென நபி பெருமானார் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். வட்டி பற்றிய ஃபிக்ஹு ஆய்வு முழுவதும் இந்த ஆறிலிருந்தே தொடங்குகிறது.

இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. யமன் நாட்டு மஃரிப் பகுதியிலிருந்த உப்புச் சுரங்கத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு அவர் வேண்ட, அண்ணலார் (ஸல்) அதை அவருக்கு வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றுநீர் போன்றது, உழைப்பின்றியே யாரும் எடுத்துக்கொள்ளக் கூடியது என்பதை அவையிலிருந்த ஒருவர் எடுத்துரைத்ததும் அவ்வொதுக்கீட்டை விலக்கிக்கொண்டார்கள். அபூதாவூது, திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இது பதிவாகியுள்ளது. கேட்பவருக்கு மறுக்கலாகாத பொருள்களில் நீரையும் உப்பையும் குறிப்பிடும் அறிவிப்பும் அபூதாவூதில் உண்டு. எல்லாருக்கும் வேண்டிய பொருளை ஒருவர் தமக்கே உரிமையாக்கி மற்றவரைக் காத்திருக்க வைத்தல் தகாது என்னும் நெறியை ஃபுகஹாக்கள் இவற்றிலிருந்து வகுத்தனர்.

ஆலம்பரை முதல் அயோடின் வரை

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தை அடுத்து, கடலலை மோதும் இடிபாடாக ஆலம்பரைக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இக்கரையின் வணிகத் துறைகளுள் ஒன்றாக அது விளங்கியது. இவ்வழியே ஏற்றுமதியான சரக்குகளில் உப்பும் ஒன்று என்பர். தக்காணச் சுபேதார் முஸஃபர் ஜங் 1750இல் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு வழங்கினார். 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றித் தகர்த்தனர்.

அதன்பின் வந்தது ஏகபோகம். 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பு, கும்பினியாரின் தனியுரிமையாயிற்று. விளைவித்தவன் தன் உப்பைத் தானே விற்க முடியவில்லை. வாங்குபவனுக்கு வேறு கடையும் இல்லை. அப்யழ் (ரலி) அவர்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்ட உரிமையை ஒரு வணிகக் குழுமம் தனதாக்கிக்கொண்டது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த யாத்திரை இவ்வநீதியை எதிர்த்ததே. 1947இல் உப்பு வரி ஒழிந்தது. இக்காலம் முழுவதும் உப்புக்கு விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கருத வேண்டும். கட்டாயம் இருக்குமிடத்தில் கவர்ச்சி வேண்டியதில்லை.

கட்டாயம் நீங்கியபின் கவர்ச்சி வந்தது. 1983இல் டாடா நிறுவனம் அயோடின் கலந்த பொட்டல உப்பை நாடு தழுவிய வணிகப் பெயரோடு சந்தைக்குக் கொணர்ந்தது. 1990களில் இந்துஸ்தான் லீவரின் அன்னபூர்ணா, காயல்பட்டினத்துக்கு அருகே சாகுபுரத்தில் ஆலை கொண்ட டி.சி.டபிள்யூ. நிறுவனத்தின் கேப்டன் குக் முதலியன தொலைக்காட்சியில் போட்டியிட்டன. எல்லாம் சோடியம் குளோரைடே. ஆயினும் ஒன்று தூய்மையைச் சொன்னது; மற்றொன்று கட்டிபடாமல் உதிர்வதைச் சொன்னது; வேறொன்று குழந்தையின் அறிவு வளர்ச்சியைச் சொன்னது.

அயோடின் சேர்ப்பதால் விளையும் நன்மை உண்மையானது. இமயமலைச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில் 1950களில் தொடங்கிய ஆய்வு, கழுத்துக்கழலை நோயை அயோடின் உப்பு தணிக்கும் என்பதை ஐயமற நிறுவிற்று. 1962 முதல் அரசுத் திட்டமும் நடந்துவருகிறது. ஆனால் மருத்துவ அறிவுரையும் வணிகக் கூவலும் ஒரே குரலில் கலந்தபோது, எது அறிவுரை, எது விற்பனை என்று பிரித்தறியும் வாய்ப்பு நுகர்வோரிடமிருந்து நழுவியது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்பது 1998 மே மாதம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2000 செப்டம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. கலப்படத் தடைச் சட்டம் இத்தகைய விதிக்கு இடமளிக்கவில்லை என உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியபோதிலும், மக்கள் நலம் கருதி அதை ஆறு மாதம் தொடர அனுமதித்தது. பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் அத்தடை நிலைபெற்றது.

அரசும் இவ்வரிசையில் இணைந்தது. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014இல் ‘அம்மா உப்பு’ என்றும், 2022இல் ‘நெய்தல் உப்பு’ என்றும் பெயரிட்டுப் பொட்டலங்களை வெளியிட்டது. சங்க இலக்கியத் திணையின் பெயர்கூட உறையின்மேல் அச்சேறிற்று. கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் ஆலைப் பயன்பாட்டுக்கும் செல்லும் கல்லுப்பு மட்டும் இன்றும் பெயரின்றியே மூட்டையில் ஏறுகிறது.

நாவும் வழியும் மடியும்

இந்த மாற்றத்தை எடைபோட நம் மரபில் என்ன அளவுகோல் உண்டு? வணிகத்துக்கு இருதரப்பின் மனமொப்புதலை அடிப்படையாக்குகிறது திருமறை (4:29). அவ்வொப்புதல் பிறக்கும் முன்பே அதைக் குலைக்கும் செயல்களைப் பெருமானார் (ஸல்) ஒவ்வொன்றாக எடுத்துக் கண்டித்துள்ளார்கள்.

முதலாவது நாவு. ஆணையிட்டு விற்றால் சரக்கு நகரும், பரகத் அழியும் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரைத் தூண்டுவதாகிய ‘நஜ்ஷு’ விலக்கப்பட்டது. “இன்னும் இரண்டே உள்ளன, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று பொய்யாக அவசரப்படுத்தும் இன்றைய இணையக் கடையின் அறிவிப்பு, நஜ்ஷின் பேரப்பிள்ளையே.

இரண்டாவது வழி. கிராமத்து வணிகக் கூட்டம் சந்தையை அடைந்து நிலவரம் அறியுமுன்னரே வழிமறித்துச் சரக்கை வாங்குவது ‘தலக்கீ’. இதில் பாதிக்கப்படுபவர் விற்பவர். சந்தைக்கு வந்தபின் உடன்பாட்டை முறித்துக்கொள்ளும் உரிமையை நபிமொழி அவருக்கு அளித்தது. நம் கடற்கரை முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு இவ்வுரிமையை விரிவாக ஆராய்கிறது. ஒப்பிட்டறிய இடம் கொடாமல் ஒருவரை மடக்குதல் தகாது என்பதே அதன் உட்பொருள். வாங்குபவரை மடக்கினாலும் அது பொருந்தும்.

மூன்றாவது மடி. விற்கப்போகும் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறவாது விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது ‘தஸ்ரியா’. ஏமாந்தவர் மூன்று நாளுக்குள் பிராணியைத் திருப்பித் தந்து, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கலாம். பொருளின் தோற்றத்தைப் பெருக்கும் உறை வித்தைகளுக்கு எதிரான விதி இது.

இவற்றைக் கண்காணிக்க முஹ்தஸிபு என்னும் அங்காடி அலுவலர் இருந்தார். ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்தவரான ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில், கூவி விற்போருக்கும் தரகருக்கும் தனி அத்தியாயம் உண்டு. அவர்கள் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும். உடைமையாளர் கூட்டாத விலையைத் தாமாகக் கூட்டலாகாது. கூவுவது குற்றமென அந்நூல் சொல்லவில்லை. வறிய அன்ஸாரி ஒருவரின் விரிப்பையும் குவளையையும் பெருமானார் (ஸல்) அவர்களே, கூடுதலாகத் தருபவர் யார் என்று வினவி ஏலத்தில் விற்றுக் கொடுத்தார்கள். அது மக்கள் கூடிய அவையில், பொருளைக் கண்முன் வைத்து, பொய்யின்றி நடந்தது.

வாயிலும் அனுமதியும்

நாவு தூயதாக இருந்தாலும் வேளையும் இடமும் தவறாகலாம். இதற்குத் திருமறையே சான்று தருகிறது. மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை, பஞ்ச காலத்தில், உணவுப்பொருள் ஏற்றிய வணிகக் கூட்டம் வந்து சேர்ந்தது. திஹ்யத்துல் கல்பீ இஸ்லாத்தைத் தழுவுமுன் கொண்டுவந்த சரக்கு அது என்பர். வருகையை அறிவிக்கும் முரசொலி கேட்டதும், குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்த பெருமானாரை (ஸல்) நின்ற நிலையிலேயே விட்டுவிட்டுப் பலர் எழுந்து ஓடினர். ஜுமுஆ அத்தியாயத்தின் இறுதி வசனம் (62:11) இதைக் கண்டித்து அருளப்பட்டது. அதில் வணிகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வீண்கேளிக்கை அம்முரசொலியே என விரிவுரையாளர் பலர் எழுதுகின்றனர். பள்ளிவாசலுக்குள் கேட்ட முதல் வணிக விளம்பரம் அது எனலாம். கொண்டுவந்த தானியம் நல்லது. மக்களின் பசியும் மெய். ஆயினும் அந்த ஒலி, மனிதரை அவர்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பிரித்தது.

வீட்டின் எல்லையை நூர் அத்தியாயம் (24:27–28) வரைகிறது. பிறர் வீட்டுக்குள் இசைவு பெற்று ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும்; திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும். மும்முறை அனுமதி கேட்டும் விடை வராவிடில் திரும்பிவிடுவது நபிவழி.

இவ்விதி ஆட்சியாளரையும் கட்டுப்படுத்தியதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் எடுத்துக் காட்டுகிறார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறிப் பார்த்து, உள்ளே தகாத நிலையிலிருந்தவரைக் கண்டித்தார்கள். அவரோ, தாம் ஒரு தவறு செய்திருந்தால் கலீஃபா மூன்று செய்துவிட்டதாக விடையளித்தார்: துருவி ஆராய்ந்தது, வாயில் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. உமர் (ரலி) அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தீமையைத் தடுக்க வந்த கலீஃபாவுக்கே இல்லாத உரிமை, கடன் அட்டை விற்க வருபவருக்கு எங்கிருந்து வரும்?

தொலைபேசி மணி என்பது கதவைத் தட்டலே. சவூதி அறிஞர் பக்ர் அபூ ஸைத், தொலைபேசி ஒழுக்கம் பற்றித் தனிநூல் எழுதி, இஸ்தீதான் எனப்படும் அனுமதி கோரும் விதிகளை அதற்குப் பொருத்திக் காட்டியுள்ளார்.

சட்டத்தின் நடை

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்துக்கு மெல்ல நடந்து வந்தது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைக் கண்டது; வீட்டுக்குள் நுழையும் விளம்பரத்தைக் காணவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் முதன்முதலாக ஒரு பதிவேட்டை அமைத்தது. அழைப்பு வேண்டாதவர் தம் எண்ணை அதில் பதிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2003இல் ஏற்பட்ட ஏற்பாட்டின் சாயல் இது. 2010இன் விதிகள் 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன.  பதிவுபெற்ற நிறுவனங்கள் கட்டுப்பட்டன. பதிவுபெறாதோர் சாதாரண எண்களிலிருந்து அழைத்தனர். 2018இன் விதிகள் அனுப்புநரின் பெயரையும் பெறுநரின் இசைவையும் மின்பதிவேட்டில் ஏற்றச் செய்தன. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தம், முறையிடும் கால எல்லையை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக நீட்டித்தது. பதிவுபெறாத அனுப்புநர்மீது நடவடிக்கை எடுக்க இருந்த முப்பது நாள் தவணையை ஐந்தாகக் குறைத்தது. இதற்கிடையே, அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நுகர்வோரை மடக்கும் பதின்மூன்று இணைய உத்திகளை நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடைசெய்தது. பொய்யான அவசரமூட்டலும், கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பதும் அவற்றுள் அடங்கும்.

இந்நடையில் ஒரு நெறிச்சிக்கல் உண்டு. தொந்தரவு வேண்டாம் எனப் பதிந்துகொள்ளச் சொல்லும் முறை, வருபவருக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, விருப்பமில்லையேல் வாயிலில் பலகை மாட்டுமாறு வீட்டுக்காரரைப் பணிக்கிறது. சுமை உள்ளே இருப்பவர்மேல் விழுகிறது. எழுத்தறியாத உப்பளத் தொழிலாளிக்கும் முதிய தாய்க்கும் அப்பலகையை மாட்டத் தெரியாது. இஸ்தீதான் சுமையை வருபவர்மேல் வைக்கிறது. அனுமதி வரும்வரை அவர் வெளியாளே. வீட்டுக்காரரின் மௌனமும் மறுப்பே. மின்னஞ்சல் விளம்பரத்துக்கு முன்னிசைவு வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் விதித்ததும், நம் நாட்டின் 2023 மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை முதன்மைப்படுத்துவதும் இத்திசை நோக்கிய அடிகளே. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் எங்கெல்லாம் எஞ்சுகிறதோ, அங்கெல்லாம் மனமொப்புதல் பெயரளவில்தான் நிற்கும்.

நம் கடைவீதி

பிறரைக் குறைகூறி இதை முடிப்பது நேர்மையாகாது. ரமளான் பிறை தெரிந்ததும் நம் கைப்பேசிகளை நிறைக்கும் செய்திகளில் பாதி வாழ்த்து. மீதி வாழ்த்தின் உடையணிந்த விற்பனை. உம்ரா பயணம், வீட்டுமனை, ‘ஹலால்’ முதலீடு என்று ஸலாம் சொல்லித் தொடங்கும் அழைப்புகள் தராவீஹ் நேரத்திலும் வருகின்றன. நூர் அத்தியாயத்தில் ஸலாம் அனுமதியோடு இணைந்தது. இங்கே அது அனுமதிக்கு மாற்றாகிவிட்டது. ஜமாஅத் உறுப்பினர், திருமண வீட்டார், மதரஸா பெற்றோர் ஆகியோரின் எண்கள் எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டனவோ அதற்கே உரிய அமானிதம். அவற்றை வணிகரிடம் கொடுப்பது அமானித மோசடி. நம் நிர்வாகிகள் இதைச் சிந்திக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் மரக்காயர் வணிகம் வேரூன்றியதற்குச் சொல்லின் நம்பகமும் ஒரு காரணம். அம்முதலைக் குறுஞ்செய்திகளில் கரைத்துவிடலாகாது.

மும்முறை அனுமதி பற்றிய நபிமொழியின் பின்னணி இங்கு நினைக்கத் தக்கது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாயிலில் மும்முறை அனுமதி கேட்டு, விடை வராததால் திரும்பிவிட்டார்கள். பின்னர் காரணம் வினவிய கலீஃபா, இவ்விதிக்குச் சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) எழுந்து சாட்சியளித்தார்கள். இந்த நபிமொழி தம் செவிக்கு எட்டாமற்போனதற்கு உமர் (ரலி) அவர்கள் சொன்ன காரணம், அங்காடிக் கொடுக்கல் வாங்கலில் தாம் ஈடுபட்டிருந்தது என்பதே. கடைவீதியின் இரைச்சலில் வாயிலின் ஒழுக்கம் கேளாமற்போகும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள், கேட்டதும் ஏற்றுக்கொண்டார்கள்.

மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு ஓசையின்றிப் பூக்கிறது. அதைத் தெருவுக்குக் கொணர்ந்த உமணப் பெண்ணின் குரலுக்கு வீட்டின் வாசற்படி எல்லையாக இருந்தது. நம் வணிகர்கள் அந்தப் படியில் நின்று கேட்கக் கற்றுக்கொண்டால், சட்டம் செய்ய முயலும் வேலையில் பெரும்பகுதி தானே முடிந்துவிடும்.